உப்பு மழையில் பதினாறு பக்கங்கள்

வாசகர்கள் அவளுக்கு வைத்த பேர் கோளம்மா. முப்பத்தாறு வருடமாக வேற்றுக்கோள்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? அவள் கணவர் அதையும் விட்டுவைக்கவில்லை. "ஊர்ல மத்தவங்க கோள் சொன்னா சண்டை வரும். எங்க வீட்டுல சொன்னா புத்தகம் வரும்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். ஆயிரம் முறை சொன்ன நகைச்சுவையைக்கூட அப்போதுதான் தோன்றியதுபோலச் சொல்லிவிட்டு, முதல் ஆளாகச் சிரிப்பார்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக அவள் சேர்ந்தபோது வயது இருபத்திரண்டு. யார் யாரையோ யார் யாரோடோ நாள் முழுக்க இணைத்துக்கொண்டிருக்கும் வேலை. சேர்ந்து மூன்று வருடம் கழித்து ஒருநாள், மறுமுனையில் யாருமே பேசாத ஒரு அழைப்பு வந்தது. வெறும் காற்றுச் சத்தம். அது எந்த ஊர்க் காற்றாக இருக்கும் என்று யோசித்ததில் முதல் கதை பிறந்தது. ஒரு வாரப் பத்திரிகை அதைப் போட்டது. அப்புறம் அவளை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஐம்பத்தொரு நாவல்கள். நிழலை விலைக்கு வாங்கும் வணிகர்களின் நாட்டைப் பற்றி ஒன்பது. மந்திரவாதிகள் வழக்காட வரும் நீதிமன்றத்தைப் பற்றி ஆறு. தனி நாவல்கள் பத்தொன்பது. எல்லாவற்றுக்கும் மேலே, 'உப்புக்கோள்' வரிசையில் பதினேழு பாகங்கள். கடல் வற்றிப்போன ஒரு கோளில், கடல் என்றைக்காவது திரும்பும் என்று நம்பித் தன் தோணியை உப்பு வெளியில் இழுத்துக்கொண்டே போகும் ஒரு தோணிக்காரியின் கதை அது. முதல் பாகத்தைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தவர்களுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. பதினெட்டாம் பாகத்தில் கடல் திரும்புகிறது, அத்தோடு வரிசை முடிகிறது என்று பதிப்பகம் அறிவித்திருந்தது.

வேலைக்குப் போன காலத்திலிருந்தே காலையில் நான்கு பக்கம் என்பது அவள் கணக்கு. கோடு போட்ட தாளில் கையால் எழுதுவாள். அத்தியாயம் முடிந்ததும் நூல் போட்டுக் கட்டித் தங்கையிடம் கொடுத்துவிடுவாள். தங்கை டைப்ரைட்டிங் பள்ளி ஒன்றில் ஆசிரியை. குட்டி என்று கூப்பிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயதாகியும் அந்தப் பேர் மாறவில்லை. அக்காவின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே பிறவி அவள்தான். தட்டச்சு செய்வது, மெய்ப்புப் பார்ப்பது, வாசகர் கடிதங்களுக்குப் பதில் போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. அச்சாகி வந்த புத்தகத்தைக் கோளம்மா திறந்துகூடப் பார்க்கமாட்டாள். "பெத்தாச்சு, நடக்க விட்டாச்சு. பின்னாடியே போய்ப் பாத்துக்கிட்டிருந்தா அடுத்ததை எப்பப் பெக்குறது?" என்பாள்.

அன்று மதியம் பதிப்பகத்தின் பிழைதிருத்துநர் போன் செய்தாள். கெட்டிக்காரப் பெண். உப்புக்கோளில் யார் எப்போது பிறந்தார், யாருக்கு எந்தக் கையில் தழும்பு என்றெல்லாம் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்திருப்பவள்.

"கோளம்மா, நீங்க அனுப்பின வரைக்கும் படிச்சுட்டேன். கடல் வந்துடுச்சு. விளக்குக்காரன் எப்ப வர்றான்?"

"எந்த விளக்குக்காரன்?"

மறுமுனையில் சிரிப்பு. "விளையாடாதீங்க. ஒன்பதாம் பாகத்துல, உப்பு மழை அத்தியாயத்துல வர்றானே, அவன்தான். 'கடல் திரும்பினா முதல் தோணி உனக்குத்தான்'னு தோணிக்காரி சத்தியம் பண்ணிட்டுப் போறாளே! இருபத்து மூணு வருஷமா அவன் கலங்கரை விளக்கத்துல உக்காந்திருக்கான். வாசகர்களும் கூடவே உக்காந்திருக்காங்க."

"வருவான், வருவான்" என்று சொல்லிக் கோளம்மா போனை வைத்தாள்.

விளக்குக்காரன் என்ற பேரை அவள் கேட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. கூட்டங்களில் யாராவது ஒருவர் எழுந்து "அந்த விளக்குக்காரன் என்ன ஆனான்?" என்று கேட்பதுண்டு. ஐம்பத்தொரு நாவலில் விளக்கு ஏற்றுகிறவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். அதில் எவனோ ஒருவன் என்று நினைத்து, "பொறுத்திருந்து பாருங்க" என்று சிரித்துவைப்பாள். எல்லா எழுத்தாளர்களும் செய்வதுதான் அது.

ஆனால் உப்பு மழை அத்தியாயம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த சமயத்தில், இடுப்பு வலியோடு உட்கார்ந்து எழுதியது. வானத்திலிருந்து உப்பு கொட்டுகிறது. தோணிக்காரி தோணியைக் கவிழ்த்து அதன் அடியில் புகுந்துகொள்கிறாள். மழை விடும்வரை தோணிப் பலகையோடு பேசிக்கொண்டு கிடக்கிறாள். அந்த அத்தியாயத்தில் அவளைத் தவிர ஒரு ஈ, காக்கை கிடையாது.

கண்ணாடி அலமாரியில் இருந்து ஒன்பதாம் பாகத்தை எடுத்தாள். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் உப்பு மழை தொடங்கியது. தோணிக்காரி தோணியைக் கவிழ்க்கவில்லை. தூரத்தில் தெரிந்த வெளிச்சத்தை நோக்கி ஓடினாள். கடலே இல்லாத கரையில் ஒரு கலங்கரை விளக்கம். அங்கே ஒரு கிழவன் வருகிற கப்பல் எதுவும் இல்லாவிட்டாலும் தினமும் விளக்கேற்றிக்கொண்டிருந்தான். "இங்கே யாரும் அழுவதில்லை அம்மா, இருக்கிற உப்பே போதும்" என்றான்.

அந்த வரியில் அவள் விரல் நின்றது. போன வருடம் ஒரு விழாவில் ஓர் இளம்பெண் கண் கலங்கியபடி இதே வரியை அவளிடம் சொன்னாள். அந்தப் பெண்ணே யோசித்துச் சொன்னது என்று நினைத்து, "நல்லா இருக்கே, நீ எழுதலாமே" என்று அவளைத் தட்டிக்கொடுத்தாள் கோளம்மா. அந்தப் பெண் திகைத்துப்போய் நின்றதன் காரணம் இப்போது புரிந்தது.

பதினாறு பக்கத்தையும் நின்றபடியே படித்தாள். ஒரு வாக்கியம்கூட அவளுக்குத் தெரியவில்லை. படித்து முடித்ததும் மனதில் முதலில் வந்தது, 'நல்லா எழுதியிருக்காளே' என்ற எண்ணம்தான்.

அடுத்த நொடி புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். ஏனென்றால் அந்தச் சொற்களை அவள் முன்பே கேட்டிருந்தாள். அவளுடைய அப்பா கணக்கு வாத்தியார். நாற்பது வருடம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்ன மனிதர். ஒருநாள் பழைய பெட்டியில் கிடந்த ஒரு கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டு, "யார் எழுதினது இது? நல்லா எழுதியிருக்கானே" என்றார். அவரே எழுதிய கடிதம். அங்கேதான் எல்லாம் தொடங்கியது. நான்கு வருடம் கழித்து, குளிப்பாட்டிச் சோறூட்டிய இரண்டு மகள்களையும் பார்த்து, "நீங்க எந்த வீட்டுப் பிள்ளைங்கம்மா? உங்க அப்பா தேடப்போறாரு, வீட்டுக்குப் போங்க" என்று அன்பாகச் சொல்லிவிட்டுத்தான் அவர் போய்ச் சேர்ந்தார்.

புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை எங்கே வைத்தாள் என்பது பத்து நிமிடம் கழித்து நினைவில் இல்லை. சாவி கையிலேயே இருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அதற்குப் பிறகு வந்த மூன்று வாரமும் அப்படித்தான் போயின. அடுப்பில் வைத்த பாத்திரம் கருகியது. எதிர்வீட்டுக்காரியின் பேர் தொண்டைவரை வந்து நின்றது. முன்பும் பாத்திரம் கருகியதுண்டு. முன்பும் பேர் மறந்ததுண்டு. அப்போதெல்லாம் சிரித்தாள். இப்போது ஒவ்வொன்றையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் தேதி போட்டாள். காலையில் கண் விழித்ததும் உப்புக்கோள் ஆட்களின் பேர்களை முதல் பாகத்தில் இருந்து வரிசையாக முணுமுணுப்பாள். எங்கேயாவது தடுக்கினால் அன்றைய பொழுது அங்கேயே முடிந்தது. நான்கு பக்கம் எழுதவில்லை. மூன்று பக்கம்கூட இல்லை. பேனாவைத் திறப்பதற்கே பயமாக இருந்தது. இன்று எழுதுவது நாளைக்கு யாரோ எழுதியதாகிவிட்டால்?

ஒன்றுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது. இருக்கிற அத்தியாயம் மறந்துபோனது மட்டுமல்ல, இல்லாத ஓர் அத்தியாயம் வரிக்கு வரி நினைவில் இருக்கிறது. தோணிப் பலகையில் காதை வைத்துத் தோணிக்காரி கேட்ட சத்தம், அவள் சொன்ன சொல், எல்லாம். அப்பாவும் இப்படித்தான். என்றோ இடித்துத் தள்ளிய வீட்டின் கதவுக்கு இன்னும் எண்ணெய் போடவில்லையே என்று கவலைப்படுவார்.

"ஏம்மா, உடம்புக்கு என்ன?" என்று கணவர் கேட்டார். "முகமே சரியில்லை. கடல் வர லேட்டாகுதா?"

"ஒன்னுமில்லைங்க. தூக்கம் சரியில்லை."

"தோணிக்காரியை ரெண்டு நாள் லீவு போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. அது நிற்கும் நாள் வந்தால் தாங்கமாட்டோம் என்று தோன்றியது. அவரிடம் எதையும் சொல்வதில்லை என்று அப்போதே முடிவு செய்தாள்.

பதிப்பகத்துக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, ஊரின் மறுகோடியில் இருந்த நரம்பு மருத்துவரிடம் போனாள். கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார், வரைந்தாள். ஐந்து சொற்களைச் சொல்லி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார், சொன்னாள். நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது அப்பாவை நினைத்துக்கொண்டு இரண்டு வரை போய்த்தான் நிறுத்தினாள். தலையைப் படம் எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் படுத்திருந்த இருபது நிமிடமும் 'டக் டக்' என்ற சத்தத்தில் ஒவ்வொரு பாகமாகத் தலையை விட்டு இறங்கிப்போவதுபோல இருந்தது.

"படத்துல பயப்படுற மாதிரி எதுவுமில்லம்மா" என்றார் மருத்துவர். "ஆனா நீங்க சொல்றதை என்னால லேசா விடவும் முடியல. எழுதின பதினாறு பக்கம் சுத்தமா ஞாபகத்துல இல்ல. எழுதாத அத்தியாயம் முழுசா இருக்கு. அப்பாவுக்கும் இருந்திருக்கு. இப்ப எனக்கு உங்க வாயால கேட்டது பத்தாது. உங்களை ரொம்ப நாளாத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. அவங்ககிட்ட சில கேள்வி கேக்கணும்."

வேறு யார் இருக்கிறார்கள்? தங்கையிடம் போய், "வியாழக்கிழமை என்கூட ஒரு இடத்துக்கு வரணும். அத்தான்கிட்ட மூச்சு விடாதே" என்றாள். தங்கை ஏதேதோ கேட்டாள். "அங்க வந்து தெரிஞ்சுக்கோ" என்றுவிட்டாள். வியாழக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனார்கள்.

காத்திருக்கும் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அவர்களுக்கு எண் பதினொன்று. எதிரே ஒரு பெரியவர். பக்கத்தில் அவருடைய மகள். "அப்பா, டாக்டர் கேட்டா உங்க பேர் என்னன்னு சொல்லுவீங்க?" என்று மகள் மெதுவாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் நல்ல பிள்ளைபோலத் தலையாட்டினார். பேரை மட்டும் சொல்லவில்லை.

கோளம்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"குட்டி, எனக்கு அப்பாவுக்கு வந்தது வந்துடுச்சு."

"என்னக்கா உளர்ற?"

"உளறலடி. ஒன்பதாம் பாகத்துல உப்பு மழையைப் படிச்சேன். ஒரு வரி ஞாபகமில்லை. விளக்குக்காரன்னு ஒரு ஆளு. யாருன்னே தெரியல. எனக்கு ஞாபகத்துல இருக்கிறது வேற ஒன்னு. அவ தனியா தோணிக்கடியில கிடப்பா. அது புக்குலயே இல்ல. உள்ள டாக்டர் கேப்பாரு. நீ பாத்ததை எல்லாம் மறைக்காம சொல்லு. நான் எங்கெங்க தடுமாறுறேன்னு சொல்லு. எனக்காகப் பாவம் பாக்காதே."

தங்கையின் முகத்தில் ரத்தமே இல்லை. "தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனாள். போனவள் வரவில்லை. ஒன்பது போயிற்று, பத்து போயிற்று. "பதினொன்னு" என்று கூப்பிட்டார்கள். கோளம்மா தங்கையைத் தேடிக்கொண்டு வெளியே போனாள்.

மாடிப்படியின் திருப்பத்தில், சுவரோடு சுவராக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள் தங்கை. பல்லி விழுந்தாலே அலறுகிறவள். இப்போது சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, உனக்கு ஒன்னுமில்ல."

"எழுந்து வா. கூப்பிட்டுட்டாங்க."

"உனக்கு ஒன்னுமில்லக்கா. அதை நீ மறக்கல. அது நீ எழுதினதே இல்ல."

கோளம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எழுதினதை நான் தொலைச்சுட்டேன்" என்றாள் தங்கை. "டைப் அடிக்க எடுத்துட்டுப் போறப்ப பஸ்ஸில விட்டுட்டேன். அந்த ஒரு அத்தியாயக் கட்டு மட்டும். நாலு நாள் பஸ் டிப்போவுக்கு நடந்தேன். ஒவ்வொரு கண்டக்டராக் கேட்டேன். கிடைக்கல. பெரிய பதிப்பாளர் அப்ப உயிரோட இருந்தார், தினமும் போன் பண்றார். உன்கிட்ட சொல்லிடலாம்னுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ மூக்குல குழாயோட கிடந்த. கண்ணைத் திறந்து, 'குட்டி, எல்லாம் அடிச்சு முடிச்சியா'ன்னு கேட்ட. 'முடிச்சேன்'னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் முடிச்சுத்தானே ஆகணும்?"

"நான் எழுதினதை நீ படிச்சிருந்தியா?"

"படிச்சிருந்தேன். ஒரு தடவை. அவ தனியா கிடப்பா. அதையே திருப்பி எழுதிடலாம்னுதான் உக்காந்தேன்." தங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "முடியலக்கா. நீ அங்க தனியா கிடந்த. அவளையும் தனியா விட என் கை வரல. துணைக்கு ஒரு ஆளைப் போட்டேன்."

கோளம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாரமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கி ஓடியது. தோணிப் பலகையின் சத்தம் உண்மைதான். எழுதியது உண்மைதான். அவள் தலைக்குள் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. மேலேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "பதினொன்னு நீங்கதானே? வர்றீங்களா இல்லையா?" என்றாள். "அடுத்தவங்களை அனுப்பும்மா" என்றாள் கோளம்மா.

அந்த நிம்மதி பஸ் நிறுத்தம் வரைகூடத் தாங்கவில்லை. நடந்துகொண்டே கேட்டாள்: "விளக்குக்காரனைப் பத்திக் கடிதம் வந்திருக்குமே?"

"வந்துச்சு."

"என் கண்ணுல ஒன்னுகூடப் படலையே."

"நானே பதில் போட்டுட்டேன். உன் கையெழுத்துல."

"எத்தனை?"

"ஒரு டிரங்குப் பெட்டி இருக்குக்கா, வீட்டுல."

கோளம்மா நின்றுவிட்டாள். முப்பத்தாறு வருடத்தில் வாசகர்கள் அவளிடம் அதிகமாகப் புகழ்ந்து சொன்ன அத்தியாயம் உப்பு மழை. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த வரிசையைப் பதினேழு பாகம் இழுத்துவந்தாள். "வேற எங்க எழுதியிருக்க?"

"வேற எங்கயும் இல்லக்கா. சத்தியமா."

"இருபத்து மூணு வருஷம் வாயைத் திறக்காதவ சத்தியத்தை நான் எந்தத் தராசுல நிறுக்கிறது?" என்று கேட்டுவிட்டு, வந்த பஸ்ஸில் தனியாக ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. நெடுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், "டாக்டர்கிட்ட தனியாப் போனியா?" என்றார். அந்த ஒன்றுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாளில் இருந்து உப்புக்கோள் வரிசையை முதல் பாகத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். வாழ்க்கையில் முதல் முறையாக. பிறர் வீட்டுக்குள் திருட நுழைந்தவள்போல ஒவ்வொரு பக்கத்தையும் பயந்து பயந்து திருப்பினாள். இது என் வாக்கியமா, அவளுடையதா? நன்றாக இருந்த இடமெல்லாம் சந்தேகம் வந்தது. மோசமாக இருந்த இடத்தில் மட்டும் 'இது நான்தான்' என்று மனசு அடங்கியது. பதினொரு நாளில் பதினேழு பாகத்தையும் முடித்தாள். தங்கை சொன்னது உண்மை. அந்தப் பதினாறு பக்கம் தவிர அந்நிய விரல் எங்கும் படவில்லை. ஒன்பதாம் பாகத்துக்கு அப்புறம் எழுதியவற்றில் தோணிக்காரி திரும்பத் திரும்பத் தனியாகவே நடந்தாள். கூட நடக்க ஒருவர்கூட இல்லை. அதை எழுதியது சத்தியமாகக் கோளம்மாதான்.

பதினெட்டாம் பாகம் பாதியில் நின்றது. பிழைதிருத்துநர் இரண்டு முறை போன் செய்துவிட்டாள். கோளம்மா விளக்குக்காரனை எழுத உட்கார்ந்தாள். ஆறு தடவை எழுதினாள். கலங்கரை விளக்கத்தின் உயரம், எண்ணெய் வாடை, படிகளின் எண்ணிக்கை எல்லாம் சரியாக வந்தன. அவன் வாயைத் திறந்தால் மட்டும் அவளுடைய மற்ற ஆட்களைப் போலவே பேசினான். ஆறாவது தடவை எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்த தங்கை அக்காவைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள். உறவை வெட்டிவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்றே நினைத்தாள். கூடத்து மேஜைமேல் டிரங்குப் பெட்டி தயாராக இருந்தது. திருப்பிக் கொடுப்பதற்காக எடுத்து வைத்திருந்தாள்.

"கடிதமெல்லாம் இதுல இருக்குக்கா. எடுத்துட்டுப் போயிடு. பதிப்பாளர்கிட்ட நானே வந்து சொல்லிடறேன்."

"அது அப்புறம்" என்றாள் கோளம்மா. "அந்தக் கிழவன் பேசமாட்டேங்கிறான். கடல் வந்து வாசல்ல நிக்குது. அவனை யார் இறக்கிக் கூட்டிட்டு வர்றது?"

தங்கைக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முன்பைவிட அதிகமாகப் பயந்தாள். "என்னால முடியாதுக்கா. அப்ப யாருக்கும் தெரியாதுங்கிற தைரியத்துல எழுதினேன். இப்ப என் பேர்ல எப்படி?"

"சத்தியம் பண்ணிக் கொடுத்தது நீ. நான் எப்படி நிறைவேத்துறது?"

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான் இருக்கு. உன் மேல கோபம் இன்னும் போகல, அதையும் சொல்லிடறேன். போகுமான்னும் தெரியல. அதுக்காக அவனை அங்கேயே விட்டுட முடியுமா?"

தங்கை ஒன்பது நாள் எடுத்துக்கொண்டாள். பதினான்கு பக்கம் வந்தது. கோளம்மா அதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஓரிடத்தில் மட்டும் காற்றின் திசை தவறாக இருந்ததைத் திருத்தினாள். முன்னுரையில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். இளைய பதிப்பாளர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அம்மா, வாசகர்கள் நம்மைக் கிழிச்சுடுவாங்க. இந்த முன்னுரை தேவையா?" என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் தேவை என்றாள். அச்சகத்திலிருந்து புத்தகம் வந்த நாள் அவருக்கு வயிற்றுப்போக்கே வந்துவிட்டது.

கிழிக்கத்தான் செய்தார்கள். ஒருவர் பதினெட்டு பாகத்தையும் சாக்கில் கட்டிப் பதிப்பக வாசலில் வைத்துவிட்டுப் போனார். இனி எதை நம்புவது என்று கேட்டு நிறையப் பேர் எழுதினார்கள். சமாதானமாக எழுதியவர்களும் உண்டு. ஆனால் முதல் மாதம் வந்ததில் வசவுதான் அதிகம். தங்கை ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. கோளம்மா தினமும் காலையில் அவள் வீட்டுக்குப் போய், நல்லது கெட்டது எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். ஒளித்துவைப்பது இனி இல்லை என்று சொல்லிவிட்டாள். இரண்டாம் மாதம் வசவு குறைந்தது. மூன்றாம் மாதம் புத்தகம் மறுபதிப்புக்குப் போனது.

இப்போது தங்கை ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள். அக்கா உள்ளே வந்தால் தாளைக் கவிழ்த்து வைக்கிறாள். "என்னடி அது?" என்று கேட்டால், "முடியட்டும்க்கா" என்கிறாள். இருநூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது என்று கணவர் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து சொன்னார். கோளம்மா வெளியே ஒன்றும் காட்டிக்கொள்வதில்லை. ஆனால் அந்தக் கட்டைத் தன் மடியில் வைத்துப் பிரிக்கப்போகும் நாளை நினைத்தால், அது தன்னுடையதைவிட நன்றாக இருந்துவிடுமோ என்று இப்போதே பயம் வருகிறது. எழுதியதைத் தட்டச்சுக்கு வாங்கிப்போகப் பத்து மணிக்குத் தங்கை வருவாள். அதற்குள் இன்றைய நான்கு பக்கத்தை முடித்துவிட வேண்டும் என்று பேனாவை எடுக்கிறாள்.